பதினொன்றால் வகுத்தேன்

ஃபேனை அணைத்தால்தான்
மைக்கில் குரல் தெளியும்.
சத்துவாச்சாரி, மே மாதம்,
மொட்டைமாடிக்கு நேர் கீழே என் அறை.
மூன்று அகராதிகள் மேல் கைப்பேசியை நிறுத்தி
அதன் கண்ணைப் பார்த்துக் கேட்கிறேன்:
"புரிகிறதா?"
இரண்டு நொடி காத்திருக்கிறேன்,
வகுப்பறைப் பழக்கம்.
காட்பாடிப் பக்கம் ஒரு ரயில்
ஊதிவிட்டுப் போகிறது.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை
என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கிற ஊர்.
என் பங்குக்கு நானும் ஒன்று சேர்த்தேன்:
ஆள் இல்லாத வகுப்பு.

ஆள் உண்டு என்றது வரைபடம்.
தொலைநிலைப் பட்டம், இரண்டாம் ஆண்டு, புள்ளியியல்,
இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஐந்து நிமிடம் நேராக வந்த கோடு
ஆறாவதில்
கயிறறுந்த வாளியாய் இறங்கியது.
அப்படி என்ன செய்தேன் அந்த ஆறாவது நிமிடத்தில்?
ஓடவிட்டுப் பார்த்தேன்.
எனக்கே கொட்டாவி வந்தது.

தூண்டில் போட்டேன்.
ஒன்பதாம் நிமிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை:
எண்களை வரிசைப்படுத்தாமலே
நடுவில் நின்றதை இடைநிலை என்றேன்.
அங்கே படம் தானாக நிற்கும்,
பெட்டி ஒன்று திறக்கும்:
"நான் எங்கே தவறினேன்? எழுதினால்தான் நகரும்."

எழுதினார்கள்.
"தெரியாது."
"தெரியாது மேடம்."
"ஓகே."
ஒருவர் வெறும் புள்ளி ஒன்று வைத்திருந்தார்,
புள்ளியியல் அல்லவா.

ஐந்தாம் நாள்
இரவு ஒன்று நாற்பதுக்கு
ஆம்பூரிலிருந்து தௌலத் பாஷா:

"ஒன்பதாவது நிமிஷம் வரைக்கும் நான் போகலை மேடம்.
நாலாவதுலயே நின்னுட்டேன்.
ஷூ கம்பெனி சம்பளம் போட்டீங்களே,
பலகையில பன்னிரண்டு வரி இருக்கு.
மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம், சரி.
பதினொன்றால வகுத்து
சராசரி பன்னிரண்டாயிரம்னு எழுதிட்டீங்க.
கடைசி வரியைப் பாருங்க,
கூட்டிப் பெருக்குற அம்மா.
கூட்டும்போது அவங்க இருக்காங்க,
வகுக்கும்போது இல்லை.
பதினொன்றாயிரம்தான் வரும்.
நான் தையல் லைன்ல இருக்கேன்.
பன்னிரண்டுன்னு சொன்னா இங்க சிரிப்பாங்க."

நான் வைத்த பிழை இல்லை இது.
என்னுடைய பிழை.
நான்கு வருடமாக அந்தப் பலகையைக் காட்டி வருகிறேன்.
யாரும் கேட்டதில்லை.
கேட்க ஒரு இடம்
நானும் விட்டதில்லை.

"அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்,
அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது"
என்றார் துறைத் தலைவர்.
அழிக்கவில்லை.
நிறுத்தத்தை ஒன்பதிலிருந்து பிடுங்கி
நாலில் நட்டேன்.
பெட்டியில் ஒரே வரி:
"இங்கே ஒருவர் விடுபட்டிருக்கிறார். யார்?"

ஆறாவது நிமிடத்தில் கோடு இன்னும் சரிகிறது,
பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் நாலாவதில் ஒரு மேடு.
நிற்கிறார்கள், பின்னுக்குப் போகிறார்கள்,
வரிகளை விரல்விட்டு எண்ணுகிறார்கள் போலும்.
"வாட்ச்மேனையே பட்டியல்ல காணோமே" என்கிறது குடியாத்தம்.
"ஓவர்டைம் எந்தக் கணக்குல?" என்கிறது பேரணாம்பட்டு.
மேல்விஷாரத்திலிருந்து ஒருவர்
சராசரியே ஒரு ஏமாற்று வேலை என்று
மூன்று பத்திக்குச் சண்டை போட்டிருக்கிறார்.
அவருக்கு இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தௌலத் எழுதியதில்
கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.
கணக்கின் வெட்கத்தில் முதலில் படிக்கவில்லை:
"உங்க நெத்தியெல்லாம் வேர்த்து வழியுது.
ஃபேனைப் போட்டுக்குங்க.
இங்க மெஷின் சத்தத்துல
நாங்க கீழ ஓடுற எழுத்தைத்தான் படிக்கிறோம்."

போட்டுக்கொண்டேன்.
இந்த வாரம் திட்ட விலக்கம்.
பின்னால் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும்.
ஏழாவது நிமிடத்தில் மேசையிலிருந்து
என் குறிப்புத்தாள் பறக்கிறது.
அதைப் பிடிக்கக் குனிந்ததையும்
வெட்டாமல் விட்டிருக்கிறேன்.